ஊசித் துளையும் ஸ்டாப்வாட்ச்சும்: வாயுவின் மோலார் நிறையை நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

மாம்பழ சீசன் வந்துவிட்டால் கோயம்பேடு சந்தையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை நடத்தும் செய்தியும் கூடவே வந்துவிடும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழங்களைப் பறிமுதல் செய்து அழிப்பார்கள். அந்தக் கல்லில் ஈரம் பட்டால் வெளிவருவது அசிட்டிலீன் வாயு. சட்டம் அனுமதிப்பது எத்திலீனை. அதுவும் பழுக்கவைக்கும் அறைக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு வரைதான். இரண்டுமே நிறமற்ற வாயுக்கள். இரண்டும் எரியும். புரோமின் நீரில் செலுத்தினால் இரண்டுமே அதன் நிறத்தைப் போக்கிவிடும். மூலக்கூறைப் பார்த்தால் எத்திலீனில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதல், அவ்வளவுதான். அதனால் அசிட்டிலீனின் மோலார் நிறை (ஒரு மோல், அதாவது குறிப்பிட்ட ஒரு மாறாத எண்ணிக்கை மூலக்கூறுகளின் நிறை) 26.04 கிராம், எத்திலீனுடையது 28.05 கிராம்.

பெயர் ஒட்டாத ஒரு சிலிண்டரில் இந்த இரண்டில் ஏதோ ஒன்று தூய நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எது என்று எப்படிச் சொல்வது? மெல்லிய தகட்டில் ஓர் ஊசித் துளை, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் நைட்ரஜன். இவ்வளவு போதும். குறிப்பிட்ட கொள்ளளவு நைட்ரஜன் அந்தத் துளை வழியே வெளியேற 60.0 விநாடி ஆகிறது, அதே கொள்ளளவு மர்ம வாயு வெளியேற 57.9 விநாடி ஆகிறது என்றால் உள்ளே இருப்பது அசிட்டிலீன். எத்திலீனாக இருந்திருந்தால் அதற்கும் நைட்ரஜனுக்கும் நேரத்தில் வித்தியாசமே தெரிந்திருக்காது.

இந்த முறையைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கம் வரை நிறையைத் துல்லியமாகச் சொல்லும் வேலைக்கு இதைக் கூப்பிடக் கூடாது. இதுவா, அதுவா என்று ஒரு கேள்வி நிற்கும்போது தீர்ப்புச் சொல்ல இதைக் கூப்பிட வேண்டும். வேதியியல் வரலாற்றில் அப்படி ஒரு பெரிய வழக்கையே இது முடித்துவைத்திருக்கிறது. வாயு எதன் வழியாக, எதற்குள் போகிறது என்பதைக் கவனிக்காமல் இதே விதியைப் பயன்படுத்தியபோது பெரிய விஞ்ஞானிகளுக்கே தவறான எண்ணும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு இருக்கிற விஷயம் பிளஸ் ஒன் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வர்க்கமூலக் கணக்காகச் சுருங்கிப்போவது எனக்கு வருத்தம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விரிசல் விட்ட ஜாடியிலிருந்து

1823இல் ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர், நீரின் மேல் கவிழ்த்து வைத்திருந்த ஹைட்ரஜன் ஜாடி ஒன்றில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். ஜாடியில் மெல்லிய விரிசல். உள்ளே இருந்த நீர்மட்டம் வெளியே இருந்ததைவிட மேலே ஏறியிருந்தது. விரிசல் வழியாகக் காற்று உள்ளே வந்ததைவிட வேகமாக ஹைட்ரஜன் வெளியே போயிருக்கிறது. கிளாஸ்கோவில் 1805இல் பிறந்த தாமஸ் கிரஹாம் இதைப் பிடித்துக்கொண்டார். விரிசலுக்குப் பதிலாக பாரிஸ் சாந்தால் ஆன அடைப்பை வைத்து, வாயு வாயுவாக அளந்து பார்த்தார். வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்று 1833இல் வெளியிட்டார். இதுதான் கிரஹாம் விதி. அப்புறம் 1846இல், மெல்லிய தகட்டில் நுண்துளை இட்டு, அதன் வழியே வாயுவை வெற்றிடத்துக்குள் பாயவிட்டு அளந்தார். எஃப்யூஷன் எனப்படும் துளைவழிப் பாய்தல் இதுதான். அங்கேயும் அதே வர்க்கமூலம்.

ஏன் அப்படி என்பதற்குத் தெளிவான கணக்கு 1860இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் கட்டுரையோடுதான் வந்தது. ஒரே வெப்பநிலையில் உள்ள எல்லா வாயுக்களின் மூலக்கூறுகளுக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே. இயக்க ஆற்றல் என்பது நிறையும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கத்தில் பாதி. ஆகவே நிறை நான்கு மடங்கானால் வேகம் பாதியாக வேண்டும், பதினாறு மடங்கானால் கால்வாசி. 30 டிகிரி செல்சியஸில் நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர். ஹைட்ரஜனுடையது ஏறத்தாழ 1,780 மீட்டர். துளை இருக்கும் இடத்தை ஒரு விநாடியில் எத்தனை மூலக்கூறுகள் வந்து தட்டுகின்றன என்பது இரண்டைப் பொறுத்தது: ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன, அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றன. ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை என்றால் முதலாவது எல்லா வாயுவுக்கும் சமம். மிஞ்சுவது வேகம் மட்டும்.

நேரத்தை அளக்கிறோம் என்றால் கணக்கு இன்னும் எளிது. மெதுவாகப் போகும் வாயுவுக்கு நேரம் அதிகம் ஆகும். ஆகவே:

மர்ம வாயுவின் மோலார் நிறை = தெரிந்த வாயுவின் மோலார் நிறை × (மர்ம வாயுவின் நேரம் ÷ தெரிந்த வாயுவின் நேரம்)²

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 57.9 ஐ 60.0 ஆல் வகுத்தால் 0.965. அதன் வர்க்கம் 0.931. நைட்ரஜனின் 28.01 ஐ அதால் பெருக்கினால் 26.08 வருகிறது. அசிட்டிலீனின் உண்மையான எண் 26.04.

இங்கே மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, வேகத்தைக் கொடுத்தால் தலைகீழாக வகுக்க வேண்டும், நேரத்தைக் கொடுத்தால் நேராக வகுக்க வேண்டும் என்பது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, கனமான வாயு தாமதமாக வரும் என்ற ஒரே எண்ணத்தை வைத்து விடையைச் சரிபார்த்தால் போதும். இரண்டாவது இடம் நுட்பமானது. விநாடிக்கு எத்தனை மோல் அல்லது எத்தனை மில்லிலிட்டர் போகிறது என்று அளந்தால்தான் எதிர்விகிதம். விநாடிக்கு எத்தனை கிராம் எடை குறைகிறது என்று தராசில் வைத்து அளந்தால் கதை மாறிவிடும். மோல் எண்ணிக்கை வர்க்கமூலத்தால் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு மோலும் நிறையின் அளவுக்குக் கூடுதல் கனம். இரண்டையும் பெருக்கினால் கனமான வாயுதான் விநாடிக்கு அதிக கிராம் இழக்கும், அதுவும் மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில். நுழைவுத் தேர்வுக் கேள்வியில் ‘வேகம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், எதன் வேகம் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

நேரடியாக எடை போட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நைட்ரஜனின் நிறை சுமார் 1.1 கிராம். ஆனால் அந்த ஒரு லிட்டர் குடுவையை வெளிக்காற்று மேலே தாங்கிப்பிடிக்கும் விசையும் கிட்டத்தட்ட அதே 1.1 கிராமுக்குச் சமம். ஆகவே குடுவையை முழுக்க வெற்றிடமாக்கி ஒரு முறை, நிரப்பி ஒரு முறை என்று நல்ல தராசில் நிறுத்தாக வேண்டும். அதைவிட முக்கியமாக, வாயு தூய்மையாகக் கையில் இருக்க வேண்டும். கலவையில் இருக்கும் ஒன்றை மட்டும் தனியே எடை போட முடியாது.

ஓசோன் வழக்கு

இந்தக் கடைசிச் சிக்கல்தான் ஓசோனில் வந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓசோன் ஆக்சிஜனால் மட்டுமே ஆனது என்று தெரிந்துவிட்டது. மூலக்கூறில் எத்தனை அணுக்கள் என்பதுதான் தெரியவில்லை. மின்பொறியால் ஆக்சிஜனை ஓசோனாக்கினால் ஒரு சிறு பங்குதான் மாறும். மீதி எல்லாம் ஆக்சிஜன். தூய ஓசோனைப் பிரித்தெடுத்து எடை போட அன்று வழியில்லை.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழாக்-லூயி சொரே முதலில் வேறு பாதையில் போனார். டர்பன்டைன் எண்ணெய் ஓசோனை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். அப்போது வாயுவின் கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்று ஓர் அளவு எடுத்தார். அதே கலவையைச் சூடாக்கினால் ஓசோன் ஆக்சிஜனாக மாறி கொள்ளளவு கூடும். அது எவ்வளவு என்று இன்னோர் அளவு. முதல் எண் இரண்டாவதைப் போல இரு மடங்கு. இரண்டு பங்கு ஓசோன் மூன்று பங்கு ஆக்சிஜனாகிறது என்று எடுத்துக்கொண்டால் இது அப்படியே பொருந்துகிறது. மூலக்கூறில் மூன்று அணுக்கள் இருக்க வேண்டும்.

அவர் அதோடு விடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1868இல் முற்றிலும் வேறான ஒரு வழியில் அதே கேள்வியைக் கேட்டார். ஓசோனும் குளோரினும் ஒரே கருவியில், ஒரே நிலைமைகளில் எவ்வளவு விரவுகின்றன, அதாவது பரவிக் கலக்கின்றன, என்று ஒப்பிட்டார். குளோரின் 227 பங்கு கடந்த நேரத்தில் ஓசோன் 271 பங்கு கடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 227 ஐ 271 ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, குளோரினின் 70.9 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 49.7. ஓசோனில் இரண்டு அணுக்கள் என்றால் 32 வர வேண்டும், மூன்று என்றால் 48, நான்கு என்றால் 64. வந்திருப்பது 49.7. இதில் யாருக்கும் சந்தேகம் வர இடமில்லை.

பிழை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 48க்குப் பதில் 49.7 என்பது மூன்றரை விழுக்காடு கூடுதல். இன்றைய ஆய்வகத்தில் மோலார் நிறைக்கு இப்படி ஓர் எண்ணைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் சொரேவின் கேள்விக்கு இதைவிடத் துல்லியம் தேவைப்படவில்லை. விடைகள் பதினாறு பதினாறாக விலகி நிற்கும்போது ஒன்றிரண்டு அலகு பிழையால் தீர்ப்பு மாறாது. கலவையில் இருந்தபடியே ஓசோனை அளக்க முடிந்ததுதான் பெரிய ஆதாயம். கடந்து வந்ததில் எவ்வளவு ஓசோன் என்பதை வேதிமுறையில் தனியே கண்டுபிடித்துவிடலாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த 1868ஆம் ஆண்டு வேறொரு வாயுவையும் நினைவூட்டும். அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதி முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்திருந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்தார். ஹீலியத்தின் மஞ்சள் கோட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் நிறமாலைக் கோட்டைப் பார்த்து மோலார் நிறை சொல்ல முடியாது. 1895இல் வேதியியலாளர் ராம்சே ஹீலியத்தை வாயுவாகக் கையில் பிடித்த பிறகுதான் அது நான்கு என்று தெரியவந்தது.

துளை எப்படிப்பட்டது?

இனி வருவதுதான் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமல் துளையைக் கடந்தால்தான் மேலே சொன்ன மேக்ஸ்வெல் கணக்கு செல்லும். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சராசரியாகச் செல்லும் தூரம் ஏறத்தாழ 68 நானோமீட்டர். நாம் ஊசியால் குத்தும் துளை மிக நுண்ணியதாக இருந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும். அது 1,00,000 நானோமீட்டர். அதாவது மோதலிடைத் தூரத்தைப் போல ஏறக்குறைய 1,500 மடங்கு. ஆகவே வளிமண்டல அழுத்தத்தில் ஊசித் துளை வழியே போவது மூலக்கூறு ஒவ்வொன்றாக நழுவும் பாய்தலே இல்லை. வாயு மொத்தமாகத் தாரையாகப் பீய்ச்சிக்கொண்டு போகிறது.

அப்படியானால் கணக்கு எப்படிச் சரியாக வருகிறது? தாரைக்கும் ஒரு விதி இருக்கிறது. அழுத்த வேறுபாடு வாயுவைத் தள்ளுகிறது. தள்ளப்படும் வாயுவின் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். இது பெர்னூலியின் கணக்கு. ஒரே அழுத்தத்தில், ஒரே வெப்பநிலையில் அடர்த்தி மோலார் நிறைக்கு நேர்விகிதம். ஆகவே முற்றிலும் வேறான காரணத்தால் அதே வர்க்கமூலம் வந்து சேர்கிறது. வேதியியலாளர் புன்சன் வடிவமைத்த பாய்மானி இந்தத் தற்செயலால்தான் பயன்பட்டது. பிளாட்டினத் தகட்டில் துளை, கீழே நீர் அல்லது பாதரசம், மேலே நேரம் பார்க்கும் குறிகள். ஷில்லிங் அதை எளிமையாக்கிய பிறகு, நகரங்களுக்கு எரிவாயு வழங்கிய ஆலைகளில் வாயுவின் அடர்த்தியைப் பார்க்க நெடுங்காலம் அது புழங்கியது.

துளை இருக்கும் தகடு தடித்துவிட்டால்தான் ஆபத்து. தடித்த தகட்டில் நுண்ணிய துளை என்பது உண்மையில் நீண்ட, குறுகிய குழாய். அங்கே ஆட்சி செய்வது நிறை அல்ல, பாகியல் தன்மை, அதாவது வாயு ஓடும்போது அதற்குள்ளேயே எழும் உராய்வு. அறை வெப்பநிலையில் ஆக்சிஜனின் பாகியல் தன்மை ஏறத்தாழ 20.5 மைக்ரோபாஸ்கல் விநாடி, கார்பன் டை ஆக்சைடுக்கு 14.9, ஹைட்ரஜனுக்கு 8.9. இந்த எண்களுக்கும் மோலார் நிறைக்கும் நேரான உறவு கிடையாது. மெல்லிய நீண்ட குழாயில் கார்பன் டை ஆக்சைடு, தன்னைவிட லேசான ஆக்சிஜனை முந்திக்கொண்டு போகும். கிரஹாமே இதைக் கவனித்து, இது வேறு, துளைவழிப் பாய்தல் வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். யாராவது இது தெரியாமல் சிரிஞ்ச் ஊசியின் வழியே வாயுக்களை விட்டு, ஆக்சிஜனோடு ஒப்பிட்டு வர்க்கமாக்கினால் கார்பன் டை ஆக்சைடின் மோலார் நிறை 17 என்று வரும், ஹைட்ரஜனுடையது 6 என்று வரும். சிரிஞ்ச் ஊசியைத் துளையாக நினைத்துவிடுவது மிக எளிது. அதன் உள்விட்டத்தை விட நீளம் பல மடங்கு என்பதால் அது குழாய்தான்.

மூலக்கூறுகள் உண்மையிலேயே ஒவ்வொன்றாகப் பாய வேண்டும் என்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வளிமண்டலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் மோதலிடைத் தூரம் அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது ஊசித் துளையே போதும். 1909இல் டென்மார்க் இயற்பியலாளர் குன்ட்சன் இந்த நிலையை ஆழமாக ஆராய்ந்தார். இன்றும் உருகிய உலோகங்களின் ஆவியழுத்தத்தை அளக்க அவர் பெயரிலான கலம் பயன்படுகிறது.

இந்த உண்மையான பாய்தலில் கலவையைப் போட்டால் இன்னொன்று நடக்கும். லேசானது முந்திக்கொள்வதால் உள்ளே மிஞ்சும் கலவையின் விகிதமே மாறிவிடும். யுரேனியம்-235, யுரேனியம்-238 என்ற இரு யுரேனிய வகைகளைக் கொண்ட யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுக்களுக்கு மோலார் நிறை 349, 352. வேகங்களின் விகிதம் 1.0043தான். ஸ்டாப்வாட்ச்சால் பார்க்கவே முடியாத இந்த வித்தியாசத்தை, நுண்துளைத் தடுப்புகளை ஏறத்தாழ மூவாயிரம் படிகளாக அடுக்கி அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் பெருக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அணுகுண்டுத் திட்டத்தின் கே-25 ஆலை அது.

ரேடானில் நடந்தது

1901இல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டும் ஹேரியட் புரூக்ஸும் ரேடியத்திலிருந்து வெளிவரும் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அது வாயுவா, ஆவியா, நுண்தூசியா என்றே தெளிவில்லை. எடை போடும் அளவுக்கு அது கிடைக்கவும் இல்லை. ஆனால் அதற்குக் கதிரியக்கம் இருந்ததால், எங்கே எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மின்முறையில் அளக்க முடிந்தது. காற்றுக்குள் அது எவ்வளவு வேகமாக விரவுகிறது என்று அளந்து, மோலார் நிறை 40க்கும் 100க்கும் இடையே இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இது கனமான ஒரு வாயு என்று நிலைநாட்டியதே அந்த ஆய்வின் பெரிய வெற்றி. நாம் இன்று ரேடான் என்று சொல்லும் அந்த வாயுவின் நிறை 222.

இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது? வெற்றிடத்துக்குள் பாயும் மூலக்கூறை யாரும் வழிமறிப்பதில்லை. காற்றுக்குள் விரவும் மூலக்கூறோ அடிக்கொரு மோதலில் சிக்குகிறது. பாரிமுனை நெரிசலில் மாட்டிக்கொண்ட காரும் பஸ்ஸும் எஞ்சின் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஊரும். கணக்காகச் சொன்னால், காற்றில் விரவும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த வாயுவின் நிறையின் தலைகீழியும் காற்றின் நிறையான 29 இன் தலைகீழியும் சேர்ந்த கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். மூலக்கூறின் பருமனும் இதில் சேரும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம். வாயு கனமாக ஆக அதன் பங்கு சுருங்கி, காற்றின் பங்கே மேலோங்கும். நிறை 100 ஆக இருந்தாலும் 222 ஆக இருந்தாலும் காற்றில் விரவும் வேகம் 7 விழுக்காடுதான் மாறும். வெற்றிடத்துக்குள் பாய்ந்திருந்தால் அந்த வித்தியாசம் 49 விழுக்காடு. அளவீட்டில் குறை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் திறன் அந்த ஏற்பாட்டுக்கு இல்லை. 1910இல் ராம்சேயும் விட்லா-கிரேயும் ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ரேடானை நுண்தராசில் நிறுத்து, 220ஐ ஒட்டிய எண்ணைக் கண்டார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் இதே சிக்கலை எல்லோரும் பார்த்திருப்போம். நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியாவில் நனைத்த பஞ்சு, மறுமுனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நனைத்த பஞ்சு. நடுவில் வெள்ளை வளையம் விழும். அமில முனைக்கு அருகே விழுவதைப் பார்த்து கிரஹாம் விதி மெய்ப்பட்டது என்று எழுதச் சொல்வார்கள். விதிப்படி தூரங்களின் விகிதம் 1.46 வர வேண்டும். மேலே சொன்ன காற்றுக் கணக்கைப் போட்டால் வருவது 1.23. குழாய்க்குள் இருப்பது காற்று என்பதால் நிஜ அளவீடு 1.46க்குக் குறைவாகத்தான் இருக்கும். மாணவர்கள் அளந்த எண்ணை விட்டுவிட்டு 1.46 என்று ரெக்கார்டில் எழுதிவிடுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அவர்கள் அளந்தது சரி. அந்தச் சோதனையோடு ஒட்டவைத்த விதிதான் அந்த இடத்துக்கு உரியது அல்ல.

சென்னையில் செய்து பார்ப்பதென்றால்

அசிட்டிலீன், சமையல் கேஸ் போன்ற எரியும் வாயுக்களை வீட்டிலோ வகுப்பிலோ தொடவே வேண்டாம். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து வரும் கார்பன் டை ஆக்சைடு போதும். கண்ணாடி சிரிஞ்ச் ஒன்றின் வாயில் அலுமினிய ஃபாயிலை இழுத்துக் கட்டி ஊசி முனையால் ஒரே ஒரு துளை. தண்டின் மேல் மாறாத ஓர் எடை. பிளாஸ்டிக் சிரிஞ்ச் சரிப்படாது, ரப்பர் முனை ஒட்டி ஒட்டி நகரும். உலர்ந்த காற்றுக்கு 40 விநாடி ஆனால் உலர்ந்த கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறத்தாழ 49.3 விநாடி ஆக வேண்டும்.

‘உலர்ந்த’ என்ற சொல்லை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் ஒரு சாதாரண மாலையில், கடற்காற்றின் மூலக்கூறுகளில் நூற்றுக்கு மூன்று நீராவி. நீரின் மோலார் நிறை 18தான் என்பதால் அந்தக் காற்றின் சராசரி 28.97இலிருந்து 28.6க்கு இறங்கிவிடும். புத்தக எண்ணை அப்படியே போட்டால் விடை ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூடும். நீரின் மேல் சேகரித்த கார்பன் டை ஆக்சைடில் இன்னும் மோசம்: நூற்றுக்கு நான்கு பங்கு நீராவி சேர்ந்து 44 என்பது 43க்குக் கீழே போய்விடும். இரண்டு பிழைகளும் எதிரெதிர் திசையில் இழுப்பதால் விடை தற்செயலாகச் சரியாகத் தோன்றலாம், அதை நம்பக் கூடாது. நீரற்ற கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய் வழியே இரண்டு வாயுக்களையும் செலுத்தி உலர்த்திவிடுவதே வழி.

வெப்பநிலையும் அப்படித்தான். ஏசி ஓடும் அறையில் 24 டிகிரியில் காற்றை அளந்துவிட்டு, கரண்ட் போய் அறை 30 டிகிரிக்கு ஏறிய பிறகு கார்பன் டை ஆக்சைடை அளந்தால், சூடான வாயு வேகமாகப் போய், நிறை இரண்டு விழுக்காடு குறைவாக வரும். நேரத்தில் வரும் பிழையை வர்க்கம் இரட்டிப்பாக்கிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. விரல் தாமதம் 0.2 விநாடி என்று வைத்தால், 20 விநாடி ஓட்டத்தில் அது ஒரு விழுக்காடு, நிறையில் இரண்டு விழுக்காடு. துளையை இன்னும் சிறிதாக்கி ஓட்டத்தை ஒரு நிமிடத்துக்கு நீட்டினால் அது 0.7 விழுக்காடாகக் குறையும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த முறையால் ஆகாதவை உண்டு. கார்பன் டை ஆக்சைடு 44.01, நைட்ரஸ் ஆக்சைடு 44.01, புரொப்பேன் 44.10. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும். நைட்ரஜனும் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடும் 28.01. அங்கே சுண்ணாம்பு நீர், எரியும் குச்சி, புரோமின் நீர் என்று வேதிச் சோதனைக்குப் போயே ஆக வேண்டும். நிறை சொல்வதையும் வேதிச் சோதனை சொல்வதையும் சேர்த்து வைத்தால்தான் வாயுவின் பெயர் உறுதியாகும்.

அளக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காற்று, அடுத்து மர்ம வாயு, மறுபடியும் காற்று. ஒவ்வொன்றையும் சில முறை. முதல் காற்றும் கடைசிக் காற்றும் அரை விநாடிக்கு மேல் வேறுபட்டால், துளையில் தூசியோ ஈரமோ அடைத்திருக்கிறது அல்லது அறை வெப்பம் மாறியிருக்கிறது. அந்த வரிசையை விட்டுவிட்டுப் புது ஃபாயில் மாட்டித் தொடங்குங்கள். ஒத்துப்போனால் இரண்டின் சராசரியைக் காற்றின் நேரமாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போடலாம்.